புளி போட்டுக் கழுவிய குழாய்

குற்றாலத்தில் பால்வண்ணநாதன் பிள்ளையின் மாடிக் கட்டடத்துக்குக் கீழே உலகம்மை என்று ஒருத்தி பால் கடை வைத்திருந்தாள். அறுபதுகளின் தொடக்கம் அது. இலத்தூரில் பிறந்தவள். எதைச் சொன்னாலும் முதலில் மாட்டேன் என்பாள். அதற்கப்புறம்தான் என்ன சங்கதி என்று கேட்பாள். இவளோடு குடும்பம் நடத்துவது லேசில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். பேசினவர்கள் எல்லாம் அவள் கடையில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டேதான் பேசினார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அருவிக்குப் போகும் பாதையோரம் பானையில் மோர் வைத்து விற்றாள். பிறகு கோலி சோடா போட்டாள். சோடா மிஷினைக் கையால் சுற்றிச் சுற்றித் தோள் இறுகி, மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்கும் பால் கேனை ஒற்றையாளாகத் தூக்குகிறவள் ஆனாள். புருஷன் ஆதித்தன் தினமும் மத்தியானம் இலத்தூரிலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவருவான். மெலிந்த மனுஷன். உடம்பில் போட வேண்டிய சதையையெல்லாம் நாக்கில் போட்டுப் படைத்துவிட்டான் கடவுள்.

சோடாவிலிருந்து பாதாம்பாலுக்கும் ரோஸ் பாலுக்கும் மாறியபோதுதான் உலகம்மைக்குப் புழுக்கம் என்றால் என்னவென்று தெரிந்தது. மத்தியானப் பாலில் விற்றது போக மிச்சம் ராத்திரி தங்காது. விடிந்து பார்த்தால் திரிந்து கிடக்கும். அதை வாய்க்காலில் ஊற்றும்போது, இலத்தூரில் மாட்டைக் கறந்து கொடுத்த பொம்பளைகளின் முகம் ஒவ்வொன்றாக அவளுக்கு முன்னால் வந்து நிற்கும்.

அந்தச் சமயத்தில் கொல்லத்தில் ஒரு மீன் கம்பெனி தன் பழைய குளிர்பெட்டியைக் கழித்துக் கட்டியது. உலகம்மை அதை வாங்கி லாரியில் ஏற்றி ஆரியங்காவு மலையேறிக் கொண்டுவந்துவிட்டாள்.

"மீன் கம்பெனிப் பெட்டியில பாலை வச்சா பூனைதான் வாங்க வரும்" என்றான் ஆதித்தன்.

"வரட்டும். அதுவும் காசு கொடுத்தாத்தான் குடிக்கும்" என்றாள் அவள். சுண்ணாம்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் மீன் வாடை கொல்லத்துக்கே ஓடிப்போனது.

பெட்டி மரத்தில் செய்தது. உள்ளே தகரம் அடித்திருந்தது. அடியில் மோட்டார், பெல்ட், சக்கரம், கம்ப்ரசர் எல்லாம் இருந்தன. மிஷின் ஓடினால் பெட்டிக்குள் இருக்கும் செம்புச் சுருளில் வெள்ளையாகப் பனி பிடிக்கும். பால் இரண்டு நாள் ஆனாலும் கறந்த மாதிரியே இருக்கும். கடைக்கு வேறு யோகம் வந்துவிட்டது. மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் சாரலில் வெடவெடத்துக்கொண்டே வந்து ஐஸ் பால் கேட்டுக் குடித்தார்கள். மனிதர்கள் அப்படித்தான். குளிருகிறவனுக்குத்தான் இன்னும் கொஞ்சம் குளிர வேண்டியிருக்கிறது.

ஆனால் மிஷின் போட்ட சத்தம் இருக்கிறதே, நெல் அரைக்கும் மில்லைக் கடைக்குள் வைத்த மாதிரி. மாடியில் அறை எடுத்துத் தங்குகிறவர்களின் கட்டில் ஆடியது. போதாததற்கு மிஷின் கக்குகிற சூடு முழுவதும் கடைக்குள்ளேயே சுற்றியது. போன சீசனில் தங்க வந்த ஒரு குடும்பம் பாதியில் அறையைக் காலி செய்துவிட்டுப் போனதும் பால்வண்ணநாதன் பிள்ளை படியிறங்கி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

"உலகம்மா, அடுத்த சாரல் விழுகதுக்கு முன்னால இந்த மிஷினு கடைக்குள்ள இருக்கக்கூடாது. இருந்திச்சின்னா நீ இருக்க முடியாது. உம் பேருல எனக்குக் கோவம் ஒண்ணும் கெடையாது, ஆமா."

"பெட்டி இல்லாம நான் எப்பிடி அண்ணாச்சி கடை நடத்துதது?"

"அது உம் பாடு. என் கட்டில் ஆடுதது என் பாடு."

உலகம்மை வழக்கம்போல மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் முழுவதும் பெட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பெட்டி போனால் பழையபடி பாலை வாய்க்காலில் ஊற்ற வேண்டும். கடை போனால் பழையபடி மோர்ப் பானை.

கொல்லத்துக் கம்பெனியில் அந்தப் பெட்டியைப் பராமரித்தவன் ஏசுதாசன். நாகர்கோவில் பக்கத்துக்காரன். பெட்டி வந்த நாளிலிருந்து அவ்வப்போது செங்கோட்டை ரயிலில் வந்து எண்ணெய் விட்டு, பெல்ட்டைப் பார்த்துவிட்டுப் போவான். அவனை வரச் சொன்னாள்.

"பிரிச்சிரலாம் அக்கா" என்றான் அவன். "பெட்டி கடையில நிக்கட்டும். மோட்டாரும் கம்ப்ரசரும் பின்பக்கம் பலா மரத்துக்கு அங்கிட்டு ஒரு கொட்டகையில இருக்கட்டும். ரெண்டுக்கும் நடுவுல குழாய் இழுக்கணும். குளிர வைக்கிற கேஸ் பெட்டிக்கு வாரதுக்கு ஒல்லியா ஒண்ணு, குளிர வச்சிட்டுத் திரும்பிப் போறதுக்குத் தடியா ஒண்ணு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு சொல்லுதவனெல்லாம் அதுக்கப்புறம்தான் தலையச் சொறியுதான். என்ன குழாயி?"

ஏசுதாசன் தலையைச் சொறிந்தான்.

அடுத்த தடவை வரும்போது துணிப் பையில் மூன்று துண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினான். மூன்றும் செம்பு. ஒன்று விறைப்பானது, கம்பு மாதிரி நீட்டமாக வருவது. மற்ற இரண்டும் இளஞ்செம்பு, கயிறு மாதிரிச் சுருளாகச் சுற்றி வருவது. பால்வண்ணநாதன் பிள்ளையும் வந்து உட்கார்ந்துகொண்டார். குழாய் அவருடைய சுவரில்தானே போக வேண்டும்.

அவர் விறைப்பான துண்டைக் கையில் எடுத்தார். "இதுதான் குழாயி. தண்ணிக் குழாய் மாதிரி சுவரோட ஒட்டி நேராப் போகும். கண்ணுக்கும் லெச்சணமா இருக்கும். மத்ததெல்லாம் சாரைப்பாம்பு கணக்கா நெளியும்."

"சைக்கிள் டியூப்பு போட்டா என்ன?" என்றான் ஆதித்தன். "எங்கிட்ட பழசு நெறைய கெடக்கு."

"ரப்பர் வழியா கேஸ் கசிஞ்சு போயிரும் அண்ணாச்சி. ரெண்டு நாள்ல மிஷின் வெறும் காத்தைச் சுத்தும்."

"உம்ம வாயி மாதிரியா?" என்று உலகம்மை புருஷனைப் பார்த்துக் கேட்டுவிட்டு, "நீ சொல்லுப்பா, இது நேராப் போனா மரத்துகிட்ட எப்பிடித் திரும்பும்?" என்றாள்.

"திரும்பாது. அங்க வெட்டி, முழங்கை மாதிரி ஒரு துண்டு வச்சு, தீ வச்சுப் பத்தவைக்கணும். சுவர் மூலையில ஒண்ணு, வாய்க்கால் தாண்டும்போது ரெண்டு, மரத்துகிட்ட ரெண்டு. அதுபோக ஒரு குழாய் முடிஞ்சு அடுத்தது தொடங்குற எடமெல்லாம் ஒண்ணொண்ணு."

"அத்தனையும் ஒட்டு."

"ஒட்டுதான்."

உலகம்மை சோடா போட்டவள். கேஸ் சிலிண்டருக்கும் மிஷினுக்கும் நடுவே எங்கே ஒட்டு இருக்கிறதோ அங்கேதான் உஸ் என்று சத்தம் வரும். சோப்பு நுரையைத் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்தே அவளுக்குப் பாதி வயது போயிருந்தது. மிஷினோ நாள் முழுக்க அதிருகிற சாதி. விறைத்து நிற்கும் குழாயை அது உலுக்கிக்கொண்டே இருந்தால் முதலில் விட்டுப்போவது ஒட்டுத்தானே.

"அப்ப இந்தச் சுருளு?"

"ஒரே நீளம். நடுவுல ஒட்டே கிடையாது. அந்த முனை, இந்த முனை மட்டும்தான் மூட்டு. மிஷின்கிட்ட ஒரு வட்டம் சுத்தி விட்டா அதிர்வெல்லாம் அந்த வட்டத்துலேயே அடங்கிரும். ஆனா ஒண்ணு அக்கா, பொய் சொல்லப்படாதுல்லா. இதைக் கண்டபடி வளைச்சா மடிஞ்சு போகும். ஒரு தடவை மடிஞ்சா அந்த எடம் போச்சு. தாங்கல் இல்லைன்னா தொங்கும். யாராவது மேல மிதிச்சா நசுங்கும்."

உலகம்மை சுருள் துண்டுகள் இரண்டையும் எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். ஒன்று அமுங்கியது. அது லாரியில் டீசல் போவதற்குப் போடுகிற மெல்லிசு. அதைத் தூர வைத்தாள். மற்றது கனத்தது; அமுங்கவில்லை, ஆனால் முழங்காலில் வைத்து மெதுவாக அழுத்தினால் இசைந்து கொடுத்தது.

"இதுதான்" என்றாள்.

"என் சுவத்துல பாம்பு ஊராது" என்றார் பிள்ளை.

"ஊராது அண்ணாச்சி. கமுகு மரத்தை ரெண்டாப் பொளந்து, உள்ள கொடஞ்சு, தண்ணி ஓடுத மடை மாதிரி சுவத்தோட அடிச்சிருதேன். குழாயி அதுக்குள்ள படுத்துக்கிடும். தொங்கவும் தொங்காது, எவனும் மிதிக்கவும் முடியாது. நீங்க நேரா ஒரு கமுகு மரத்தைத்தான் பாப்பிய."

பிள்ளை யோசித்துப் பார்த்து, கமுகுக்கு வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

சித்திரை முடியும்போது கொல்லத்திலிருந்து சுருள்கள் வந்தன. பளபளவென்று, தலைச் சும்மாடு மாதிரி வட்டமாகச் சுற்றி, முனைகளில் அடைப்பு வைத்திருந்தது. ஏசுதாசன் இறக்கி வைத்துவிட்டு, "கருவியெல்லாம் எடுத்துட்டுச் சனிக்கிழமை வாரேன். பத்திரம் அக்கா. உள்ள ஒரு பொட்டுத் தூசி இருக்கப்படாது. தூசி போச்சுன்னா பெட்டிக்குள்ள கேஸுக்கு வழி விடுத வால்வு அடைச்சிக்கிடும்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனான்.

அவன் சொன்னது சரி. ஆனால் சொன்னது யாரிடம்? புதிதாக ஒரு செம்பு வாங்கினாலும் குத்துவிளக்கு வாங்கினாலும் புளி போட்டு விளக்கி, தண்ணீரில் அலசிய பிறகே வீட்டுக்குள் விடுகிற ஊர் இது. கடைச் சரக்கில் எத்தனை பேர் கை பட்டிருக்கும். சுருளைச் சுற்றியிருந்த தாளை எடுத்ததும் எண்ணெய் வாடை வேறு அடித்தது. பாலுக்குக் குளிர்ச்சி கொண்டுவரப் போகிற குழாய். கோயிலில் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் குடிக்கப் போகிற பால். தூசி இருக்கக்கூடாது என்று கொண்டுவந்தவனே சொல்லிவிட்டான். உலகம்மை அடைப்பைப் பிடுங்கினாள்.

புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, வெளியே தேங்காய் நாரால் தேய்த்தாள். உள்ளேயும் விட்டு வைப்பாளா? புனல் வைத்துப் புளித் தண்ணீரை ஊற்றினாள். அப்புறம் வாய்க்கால் தண்ணீரைக் குடம் குடமாக விட்டு அலசினாள். தெருக் கோடியில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஹாஜரா பீவி அந்தப் பக்கமாக வந்தவள் நின்றுவிட்டாள்.

"என்னளா, பாம்பைக் குளிப்பாட்டுதியா?"

"புதுசுக்கா. கழுவ வேண்டாமா?"

"கழுவு, கழுவு. தலை துவட்டிச் சாம்பிராணியும் போட்டு விடு."

துவட்டத்தான் செய்தாள். தலைகீழாகத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரை வடித்தாள்; வாயை வைத்து ஊதினாள்; இரண்டு நாள் வெயிலில் போட்டாள். தண்ணீர் சொட்டாததைப் பார்த்துவிட்டு அடைப்பைத் திரும்பச் செருகினாள். ஏசுதாசன் வந்து பார்த்து, "கொள்ளாமே, புதுப்பெண்ணு மாதிரி மின்னுதே" என்று சொன்னபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

குழாயை மரத்துப் பக்கம் வளைக்க அவன் ஒரு கம்பிச் சுருளை அதன் மேல் மாட்டிக்கொண்டு, ஆட்டுக்கல்லைச் சுற்றி மெல்ல மெல்ல வளைத்தான். ஓரிடத்தில்கூட மடியவில்லை. கமுகு மடைக்குள் படுக்கவைத்து, தடிக் குழாய்க்குத் தக்கையும் சாக்கும் சுற்றி, முனைகளை மாட்டினார்கள். மூட்டுகளில் நுரை தடவிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட எழவில்லை. கொட்டகைக்குக் கொண்டுபோயிருந்த மிஷினைப் போட்டான். கடைக்குள் சத்தமே இல்லாமல் பெட்டியில் பனி பூத்தது.

ஆதித்தன் பெட்டிக்குள் தலையை விட்டு, "யாத்தாடி, மரத்துக்கு அங்கிட்டு மிஷினு இருமுது, இங்கிட்டுச் சளி பிடிக்குது" என்றான்.

சிரிப்பு அடங்குவதற்குள் பனி கரைய ஆரம்பித்தது. மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பெட்டி குளிரவில்லை. நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி குளிர்ந்தது, மறுபடி நின்றது. ஏசுதாசன் பெல்ட்டைப் பார்த்தான், கம்ப்ரசரைப் பார்த்தான். கடைசியில் ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பெட்டிக்குள் இருந்த வால்வின் மேல் போட்டான். போட்ட உடனே உஸ் என்று கேஸ் ஓடி, பெட்டி குளிர்ந்தது. அவன் முகம் கறுத்தது.

"உள்ள தண்ணி இருக்கு அக்கா. கேஸோட வந்து வால்வு வாயில ஐஸா ஒறஞ்சு அடைக்குது. சூடு காட்டினா கரைஞ்சு வழி விடுது."

"தண்ணி எப்பிடி வரும்?" என்றார் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை.

"அடைப்பு வச்ச குழாய்க்குள்ள வேற எப்பிடி வரும்? வித்தவன் ஈரத்துல போட்டு வச்சிருக்கான். ரெண்டு வருஷமா அவன்கிட்டதான் வாங்குதேன். இன்னைக்கே கழத்திக் கொண்டுபோய் அவன் கடை வாசல்ல போட்டு, நாலு பேரு முன்னால நாக்கைப் பிடுங்குத மாதிரி கேக்குதேன்."

பிள்ளை மலையைப் பார்த்தார். உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "எப்பம் விழுகும்னு தெரியாது உலகம்மா" என்றார்.

உலகம்மை பேசாமல் நின்றாள். பேசாமல் நிற்கிற வழக்கம் அவளுக்கு இல்லாததால் ஆதித்தன் திரும்பிப் பார்த்தான். விற்றவன் தலையில் பழி விழுந்தால் அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. ஆனால் புதுக் குழாய் வந்தாலும் ஈரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஏசுதாசன் தவித்துக்கொண்டிருப்பான். எங்கோ ஒரு கடைக்காரன் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவான்.

"அவன்கிட்ட போகாத" என்றாள். "நான்தான் கழுவினேன்."

"எதைக் கழுவினிய?"

"குழாயைத்தான். உள்ளயும் வெளியேயும். புளி போட்டு. தூசி இருக்கப்படாதுன்னு நீதான சொன்ன?"

ஏசுதாசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எந்தா இது அக்கா" என்று மலையாளத்தில் ஆரம்பித்தவனுக்கு மேற்கொண்டு எந்தப் பாஷையும் வரவில்லை. ஆதித்தன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான், துண்டு குலுங்கியது.

"சிரிங்க, சிரிங்க. கழுவாத பாத்திரத்துல நான் யாருக்கும் எதையும் கொடுத்ததில்ல. இது பாத்திரம் இல்லைன்னு யாராவது சொன்னியளா? சரி, இப்பம் காய வைக்கணும். எப்பிடி?"

"வெயிலுக்கெல்லாம் போகாது. உள்ள முத்து முத்தா ஒட்டிக்கிட்டு இருக்கும். தீ காட்டினா அந்த எடத்துல ஆவியாகி அடுத்த எடத்துல போயித் தண்ணியா நிக்கும். முழு நீளமும் ஒரே நேரத்துல சுடணும். நல்ல கொதி சூடு. எங்க கம்பெனியில அதுக்குன்னு பம்பு இருக்கு. இங்க என்ன இருக்கு?"

உலகம்மை அவனை முனைகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, கமுகு மடையிலிருந்து குழாய்களை எடுக்கத் தொடங்கினாள். எடுத்து, தடிக் குழாயின் தக்கையையும் சாக்கையும் உரித்து, ஆட்டுக்கல்லைச் சுற்றி, வந்தபோது இருந்த மாதிரியே வட்டமாகப் பொறுமையாகச் சுற்றிவிட்டு, ஆளுக்கொன்றாகத் தூக்கச் சொல்லித் தெருக்கோடிக்கு நடந்தாள்.

ஹாஜரா பீவியின் ரொட்டி அடுப்பு ஒரு சின்ன அறை அளவு இருக்கும். அன்றைக்கான ரொட்டியை எடுத்துவிட்டு, கங்குகளை வழித்துப் போட்டுவிட்டு அப்போதுதான் மூடப்போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க அடுப்பு வேணும்."

"இந்தப் பாம்பையா உள்ள விடப்போற? நாளைக்கு என் ரொட்டியில வாடை அடிச்சா?"

"புளி போட்டுக் கழுவினதுக்கா."

ஹாஜரா பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்றானையை வாயில் வைத்துக்கொண்டு விலகி நின்றாள்.

இரண்டு சுருளும் அடுப்புக்குள் போயின. அவற்றின் ஒவ்வொரு முனையை மட்டும் வெளியே நீட்டி வைத்தான் ஏசுதாசன். செங்கல்லில் ஊறியிருந்த சூடு நாலு பக்கமும் அமுக்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒல்லிக் குழாயின் வாயிலிருந்து நூல் மாதிரி வெள்ளையாக ஆவி வந்தது. தடிக் குழாய் வெற்றிலை எச்சிலைத் துப்புகிற மாதிரி இரண்டு தடவை துப்பிவிட்டு அதுவும் புகைய ஆரம்பித்தது. ஆவி மெலிந்து, நின்று, எதிரே பிடித்த கண்ணாடியில் மங்கல்கூடப் படியாமல் போன பிறகு, ஏசுதாசன் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் கேஸை உள்ளே விட்டுத் துரத்திவிட்டு, சூடு ஆறும் முன் முனைகளை இறுக அடைத்தான்.

"நீட்டக் குழாய் போட்டிருந்தா இந்த அடுப்புக்குள்ள எப்பிடி விட்டிருப்போம்?" என்று அவன் தன்னிடமே கேட்டுக்கொண்டான்.

"பேசாம மாட்டு" என்றாள் உலகம்மை. ஆனால் அவன் சாப்பிடுவதற்கு ஹாஜரா பீவியிடம் சூடு ஆறாத ரொட்டி வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில், ஈரம் உறிஞ்சும் மருந்து அடைத்த ஒரு சின்னக் குப்பியையும் ஒல்லிக் குழாயோடு சேர்த்து மாட்டி மிஷினைப் போட்டான். பனி பிடித்தது. மத்தியானம் ஆனது, பனி கரையவில்லை. அன்று சாயங்காலமே மலையில் காற்று திரும்பி, முதல் சாரல் தூசி மாதிரிக் கடைக்குள் பறந்து வந்தது.

பால்வண்ணநாதன் பிள்ளை குடையோடு வந்து கடை நடுவில் நின்று காதைத் தீட்டினார். சத்தமே இல்லை. முகம் வாடிவிட்டது.

"ஓடலையா உலகம்மா? நான் என்ன செய்ய? சொன்னது சொன்னதுதான். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

அவள் பெட்டியைத் திறந்து ஒரு கிளாஸ் பாதாம்பாலை எடுத்து நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்தார். பல் கூசிக் கண்ணை மூடினார். பிறகு பின்பக்கம் போய்க் கொட்டகையை எட்டிப் பார்த்தார். அங்கே மிஷின் தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. கேட்க ஆள்தான் இல்லை. திரும்பி வரும்போது சுவரோடு போன கமுகு மரத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

"இருந்துக்கோ" என்றார். கிளாஸைக் காலி செய்தார். போகவில்லை. மாடியைப் பார்த்தார், மடையைப் பார்த்தார்.

"உலகம்மா, பங்குனி சித்திரையில மேல முன்னறை காந்துது. ஒருத்தனும் தங்க மாட்டேங்கான். இதே மாதிரி ஒரு குழாயை அங்கன கொண்டு போயி, அறையவே குளிர வைக்க முடியுமாளா?"

"மாட்டேன்" என்றாள் உலகம்மை. அப்புறம்தான் ஏசுதாசனைப் பார்த்து, "என்னப்பா, முடியுமா?" என்று கேட்டாள்.

"அதுக்கு மிஷின் பெருசா வேணும். முடியாதுன்னு இல்ல அக்கா. ஆனா குழாய் வந்து எறங்கினா நீங்க அந்தப் பக்கமே வரப்படாது."

"வருவேன். குழாயி நான் அமுக்கிப் பாத்துத்தான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு, மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்ற நாலு பேருக்குப் பால் ஊற்றப் போனாள்.